கோப்பின் அணுகல் நேரம்: லினக்ஸின் இயல்பமைவு குறித்து ஒரு மதிப்பீடு

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்கள் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று நேரங்களைக் குறித்து வைக்கின்றன. உள்ளடக்கம் மாறிய நேரம், உரிமை முதலிய விவரங்கள் மாறிய நேரம் ஆகிய இரண்டிலும் எவருக்கும் மனக்குறை இல்லை. கடைசியாகப் படிக்கப்பட்ட நேரம்தான் வம்பு. இவ்வகை இயங்குதளங்களுக்கான பொது வரையறையான போசிக்ஸ் தரத்தை அப்படியே பின்பற்றினால், ஒரு கோப்பைப் படித்தாலே அதன் விவரங்களைத் தாங்கும் ஐனோடைத் திருத்தி வட்டில் எழுதியாக வேண்டும். நூலகத்தில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவரும் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்பதைப் போன்ற விதி இது.

லினக்ஸ் கண்ட தீர்வு 'ரெல்-ஏடைம்'. 2007-இல் 2.6.20 கர்னலில் (லினக்ஸின் கருவில்) விருப்பத் தேர்வாக வந்த இது, 2009-இல் 2.6.30 முதல் இயல்பமைவாயிற்று, அதாவது யாரும் கேட்காமலே நடைமுறைக்கு வந்தது. பழைய அணுகல் நேரம் கோப்பு மாறிய நேரத்துக்குப் பிந்தியதாக இல்லாவிட்டாலோ, 24 மணி நேரத்துக்கு மேல் பழையதாகிவிட்டாலோ மட்டும் இது புதிய நேரத்தைப் பதிகிறது. ஒரு குறிப்புக் கோப்பில் ஒரு வரியைச் சேர்த்து, 'கேட்' கட்டளையால் படித்துவிட்டு, 'ஸ்டாட்' கட்டளையால் பார்த்தால் அணுகல் நேரம் நகர்ந்திருக்கும். உடனே மறுபடியும் படித்தால் அசையாது. இன்னொரு வரியைச் சேர்த்துப் படித்தால் மீண்டும் நகரும்.

இந்த ஏற்பாட்டின் இரண்டு பாதிகளுக்கும் காரணம் உண்டு. அஞ்சல் பெட்டி முழுவதையும் ஒரே கோப்பாக வைக்கும் முறையில், புதிய அஞ்சல் வந்திருக்கிறதா என்பதை 'மட்' போன்ற செயலிகள் அணுகல் நேரத்தையும் கோப்பு மாறிய நேரத்தையும் ஒப்பிட்டே கண்டுகொண்டன. முதல் பாதி அவற்றைக் காப்பாற்றியது. நெடுநாள் தொடப்படாத தற்காலிகக் கோப்புகளை அழிக்கும் கருவிகளுக்கு ஒரு நாள் துல்லியமே போதும் என்பதால் இரண்டாவது பாதி சேர்ந்தது. பழைய செயலிகளையும் கைவிடாமல் வட்டின் சுமையையும் குறைத்த இந்தச் சமரசம், என் கணிப்பில், பொதுப் பயன்பாட்டுக்கு இன்றும் சரியானதே. சாதாரண மடிக்கணினியில் இதையும் மாற்றி, அணுகல் நேரப் பதிவையே நிறுத்தும் 'நோ-ஏடைம்' போட்டுவிட்டு வேகம் கூடியதாகச் சொல்பவர்களை நான் அதிகம் நம்புவதில்லை.

ஆனால் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் நொடிப்படங்களை (கோப்புகளின் அந்நேரத்து நிலையைக் காக்கும் பதிவுகளை) அடிக்கடி எடுப்பவர்களுக்கு இந்த இயல்பமைவு பொருந்தாது. அங்கே நேரம் முதலிய விவரங்களைத் தாங்கும் மேல்விவரத் தொகுதியும் இருந்த இடத்திலேயே திருத்தப்படாமல் புதிய இடத்தில் எழுதப்படுகிறது. பழைய தொகுதியை நொடிப்படம் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான கோப்புகளைத் துழாவும் ஒரு தேடலோ காப்புநகல் பணியோ அன்றாடம் நடந்தால், எதையும் மாற்றாமலேயே இடம் கரையும். இத்தகைய கணினியில், வட்டுப் பகுதிகளை எப்படி இணைப்பது என்று சொல்லும் 'எஃப்எஸ்டேப்' கோப்பில் 'நோ-ஏடைம்' சேர்ப்பது அவசியம் என்பேன். நேரத்தை நினைவகத்தில் திருத்திவிட்டு வட்டில் எழுதுவதைத் தள்ளிப்போடும் 'லேசிடைம்' 2015-இல் 4.0 கர்னலில் வந்தது. அதைத் தனியே கேட்டு வாங்க வேண்டும்.

இயல்பமைவைத் தேர்ந்தெடுக்கும் நயத்தில், யூனிக்ஸ் வழிவந்த இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி ஒரு படி மேல். அதன் நிறுவி இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் தொகுப்பை உருவாக்கும்போது அணுகல் நேரப் பதிவை முழுவதும் நிறுத்திவிட்டு, அஞ்சல் பெட்டிகள் இருக்கும் பகுதிக்கு மட்டும் இயக்கி வைக்கிறது. தேவை எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் விலை கொடுக்கும் இந்த முறையை லினக்ஸ் வழங்கல்களின் நிறுவிகளும் பின்பற்றியிருக்கலாம். விண்டோஸ் விஸ்டா முதல் இப்பதிவை இயல்பாகவே நிறுத்தி வைத்தது. பிந்தைய விண்டோஸ் 10 பதிப்புகளிலோ, கோப்பு முறைமையின் அமைப்புகளைக் காட்டும் 'எஃப்எஸ்யூட்டில்' கட்டளையைக் கேட்டால் 'அமைப்பே நிர்வகிக்கிறது' என்ற பொருளில் பதில் வருகிறது. முடிவு கணினிக்குக் கணினி மாறக்கூடும் என்பதால், தடயவியல் ஆய்வாளருக்கு இது எரிச்சலூட்டும் ஏற்பாடு.

'நோ-ஏடைம்' போடுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தற்காலிகக் கோப்புறைகளைத் துப்புரவு செய்யும் சிஸ்டம்டி (பல லினக்ஸ் வழங்கல்களில் சேவைகளை நிர்வகிக்கும் மென்பொருள்), ஒரு கோப்பு பழையதா என்று முடிவு செய்ய அணுகல் நேரத்தையும் பார்க்கிறது. பதிவு நின்றுவிட்டால், நாள்தோறும் படிக்கப்பட்டும் திருத்தப்படாத கோப்பு அதன் கண்ணுக்குக் கேட்பாரற்றதாகத் தெரியும். ஆகவே அந்தக் கோப்புறைகளைத் வட்டின் தனிப் பகுதியில் (பார்ட்டிஷனில்) வைத்து, அதற்கு மட்டும் 'ரெல்-ஏடைம்' விட்டுவைப்பது நல்லது.