‘கோட்’ பக்கத்தைக் கொண்டு அளந்த ஓர் அகராதி

புதிதாக ஓர் அகராதி கைக்கு வந்தால், எனக்கு நன்கு பழக்கமான ஒரு பொருளைக் குறிக்கும் சொல்லை முதலில் தேடிப் பார்ப்பது என் வழக்கம். திருவட்டாருக்கு அருகில் எங்கள் பாட்டி வீட்டில் எப்போதும் நாலைந்து வெள்ளாடுகள் நிற்கும். பள்ளிவிட்டு வந்ததும் அவற்றுக்குப் பிலா இலை ஒடித்துப் போடுவது என் பொறுப்பாக இருந்தது. ஆகவே சென்ற மாதம் நாகர்கோவிலில் ஒரு புத்தகக் கடையில் 420 ரூபாய்க்கு வாங்கிய ஆங்கிலம்–தமிழ் மரபுத்தொடர் அகராதியிலும் நான் முதலில் திறந்தது ‘கோட்’ என்ற பக்கத்தைத்தான். பதிப்பகத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதே வகைக் கையேடுகள் அந்த அலமாரியிலேயே இன்னும் மூன்று இருந்தன. நின்றபடியே புரட்டிப் பார்த்ததில் குறைகளும் ஏறக்குறைய இவையாகவே இருந்தன.

தலைச்சொல்லுக்கு அருகில் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறார்கள். ஆட்டுக்கும் ‘கோட்’, மேலங்கிக்கும் ‘கோட்’, கணினிக் குறிமுறைக்கும் ‘கோட்’. தமிழ் எழுத்தில் க, ட இரண்டும் இடத்துக்கேற்ப ஒலிமாறுபவை என்பதை அறிந்த பதிப்பாசிரியர், ‘ஆட்டைக் குறிக்கும்போது முதலெழுத்தை கங்கை என்ற சொல்லின் மூன்றாம் எழுத்தைப் போல ஒலிக்கவும்’ என்று முன்னுரையில் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. தமிழ்வழியில் படித்து வரும் மாணவருக்கு இந்த உச்சரிப்புக் குறிப்பால் பயன் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

அடிப்படைப் பொருளாக ‘ஆடு’ என்று ஒரே சொல்லைத் தந்து முடித்துக்கொள்கிறார்கள். நாம் ஆடு என்று சொல்லும்போது அதில் வெள்ளாடும் அடங்கும், செம்மறியும் அடங்கும். ஆங்கிலத்தில் அன்றாடப் பேச்சில் இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரு சொல் கிடையாது, ‘கோட்’ என்றால் வெள்ளாடு மட்டுமே. இதை விளக்காததன் விளைவு அடுத்த பத்தியிலேயே தெரிகிறது. செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் பிரித்தல் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடருக்கு, ‘ஆடுகளிலிருந்து ஆடுகளைப் பிரித்தல்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அச்சுப்பிழை என்று முதலில் நினைத்தேன். மூன்று முறை படித்த பிறகுதான் அகராதிக்காரர் தம் முதல் வரிக்கு உண்மையாக நடந்துகொண்டிருக்கிறார் என்பது விளங்கியது. அந்தத் தொடர் மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்திலிருந்து வருவது; மேய்ப்பன் செம்மறியை வலப்பக்கமும் வெள்ளாட்டை இடப்பக்கமும் நிறுத்துவதுபோல மனிதர்கள் பிரிக்கப்படுவார்கள் என்பது அங்குள்ள செய்தி. தமிழ் வேதாகமத்தில் இரு பெயர்களும் தெளிவாகவே இருக்கின்றன. எங்கள் மேற்குப் பகுதியில் செம்மறி மந்தையைக் காண்பது அரிது என்பதால், கோயிலில் இந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் பாட்டி, ‘வெள்ளாடு என்ன பாவம் செய்தது?’ என்று முணுமுணுப்பார்.

இறைச்சியைப் பற்றியும் ஒரு குறிப்பு இருந்திருக்க வேண்டும். நாம் பிரியாணிக் கடையில் ‘மட்டன்’ என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் வெள்ளாட்டு இறைச்சி. பிரிட்டனில் அதே சொல் வளர்ந்த செம்மறியின் இறைச்சியைக் குறிக்கும். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் மிகுந்த மாவட்டத்தில் விற்கப்படும் நூலில் இந்த ஒரு வரிக்கு இடம் இல்லாமற்போனது வியப்பாக இருக்கிறது.

என்னை மிகவும் வருந்தவைத்தது ‘ஸ்கேப்கோட்’ என்ற பதிவு. ‘பலிகடா’ என்று ஒரே சொல்லில் பொருள் தந்து நகர்ந்துவிடுகிறார்கள். நாளிதழ்களில் பலிகடா என்பது இந்தப் பொருளில் நிலைத்துவிட்டது. அதைத் தவறென்று தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த ஆங்கிலச் சொல் பிறந்த இடத்தைப் பார்த்தால், அந்த ஆடு பலியிடப்படவே இல்லை. லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொண்டுவந்து சீட்டுப் போடுகிறார்கள். ஒன்று கர்த்தருக்குப் பலியாகிறது. மற்றொன்றின் தலைமேல் ஆரோன் இரு கைகளையும் வைத்து மக்களின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டு, அதை உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுகிறான். எபிரேய மூலத்தில் ‘அசாசேல்’ என்று வரும் சொல்லை ‘போய்விடும் ஆடு’ என்று புரிந்துகொண்டு, வில்லியம் டிண்டேல் 1530இல் தம் ஆங்கில மொழிபெயர்ப்புக்காக உருவாக்கியதே இந்தச் சொல். பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் பல அசாசேல் என்பதை ஒரு பெயராகவே விட்டுவிட்டன. ஆனால் டிண்டேலின் சொல் வழக்கில் தங்கிவிட்டது. தமிழ் வேதாகமம் இதே இடத்தில் வைத்திருக்கும் சொல் ‘போக்காடு’. போக்கிவிடப்படும் ஆடு. இவ்வளவு கச்சிதமான ஒரு சொல்லை நம் மொழிபெயர்ப்பாளர்கள் எப்போதோ செய்து வைத்திருக்க, மரபுத்தொடர்களுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த காலம் தொட்டு வேதாகமத் தமிழ் புழங்கிவரும் இந்த மாவட்டத்தில், ஞாயிறு பள்ளிக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் போக்காடு என்றால் புரியும். மேலதிகாரியின் பிழையைத் தன் தலையில் சுமந்துகொண்டு தொலைதூரத்துக்கு மாற்றலாகிப் போகும் எழுத்தரைச் சொல்லப் பலிகடாவைவிட இந்தச் சொல்லே பொருந்தும். அவர் சாகவில்லை, பழியோடு போகிறார்.

ஒருவரைச் சீண்டிக் கோபமூட்டுவதை ‘அவருடைய ஆட்டை வாங்குதல்’ என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். அதற்கு இந்நூல் தரும் பொருள் சரி. ஆனால் பந்தயக் குதிரைகளை அமைதிப்படுத்த இலாயத்தில் ஆடு கட்டிவைப்பார்கள், எதிராளி அதைத் திருடிவிட்டால் குதிரை மிரண்டு தோற்கும், அதிலிருந்தே இத்தொடர் வந்தது என்ற கதையை நடந்த வரலாறு போலவே எழுதியிருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க எழுத்தில் தலைகாட்டிய இத்தொடருக்கு அந்தக் கதையை உறுதிசெய்யும் சான்று இல்லை. ‘என்று சொல்வதுண்டு’ என முடித்திருக்கலாம். அதோடு, ஆடு திருடிய கதையைப் படித்த மாணவர், நம் பேச்சில் திருடுவதைக் குறிக்கும் ‘ஆட்டையைப் போடுதல்’ என்பதற்கு இந்த ஆங்கிலத் தொடரை எழுதிவைக்கவும் வாய்ப்பு இருக்கிறது.

‘ஓல்டு கோட்’ என்பதற்கு ‘முதியவர்’ என்று பொருள் போட்டிருப்பதை மட்டும் மன்னிக்க முடியாது. வயதுக்குப் பொருந்தாத காமவெறி கொண்ட கிழவனைக் குறிக்கும் வசைச்சொல் அது. இந்த அகராதியை நம்பி ஒரு மாணவர் தம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரை வாழ்த்தி நாலு வரி எழுதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

இப்போது எல்லார் வாயிலும் புழங்கும் புதிய ‘கோட்’டையும் சேர்த்திருக்கிறார்கள், எல்லாக் காலத்திலும் மிகச் சிறந்தவர் என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்து அமைந்த அச்சொல், 2024இல் ஒரு தமிழ்ப்படத்தின் பெயராகவும் வந்துவிட்டது. குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் மனைவி லோனி 1992இல் அந்தப் பெயரிலேயே ஒரு நிறுவனத்தைப் பதிவுசெய்தார் என்ற தகவலைத் தந்திருப்பது பாராட்டத்தக்கது. அதற்கு முன்பு அமெரிக்க விளையாட்டு எழுத்தில் இதே சொல் நேர்மாறான பொருளில், அதாவது அணியின் தோல்விக்குப் பழி சுமத்தப்பட்ட ஆட்டக்காரரைக் குறிக்க வழங்கியது என்பதையும் சேர்த்திருந்தால் பதிவு முழுமை பெற்றிருக்கும். தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரையில் பந்து உதைக்கும் பையன்கள் மெஸ்ஸியையும் ரொனால்டோவையும் வைத்து மணிக்கணக்கில் நடத்தும் ‘கோட்’ சண்டையில், பழைய பொருளையும் அறிந்தவனுக்கு இரட்டை ஆயுதம் கிடைத்திருக்கும்.

ஆட்டுக்குட்டியைக் குறிக்கும் ‘கிட்’ வேறொரு பக்கத்தில் தனியாகக் கிடக்கிறது. ‘அங்கே காண்க’ என்ற குறிப்புக்கூட இல்லை. அந்தச் சொல் குழந்தையையும் குறிக்கும் என்பதை நம் ஊர்க்காரருக்கு விளக்க ஒரு நிமிடம் போதும். மலையாளத்தில் குட்டி என்றால் குழந்தைதான். விளவங்கோட்டுப் பக்கத்தில் சின்னப் பெண்பிள்ளையைக் குட்டி என்று அழைப்பதையும் கேட்டிருக்கிறோம். ஆளைக் கடத்துவதற்கான ‘கிட்நாப்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதற்பாதியும் இந்தக் குட்டியே. பதினேழாம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு வேலையாட்களாக அனுப்பப் பிள்ளைகளைத் திருடியதிலிருந்து அது எழுந்தது.

குறைகளையே அடுக்கிவிட்டேன், நூலின் நல்ல பகுதியையும் சொல்ல வேண்டும். பக்கத்தின் அடியில் ஒரு கட்டத்துக்குள் சொற்பிறப்புச் செய்திகளைத் தந்திருக்கிறார்கள், அவை அருமை. துன்பியல் நாடகத்தைக் குறிக்கும் ‘ட்ராஜெடி’ கிரேக்கத்தில் ‘ஆட்டுப் பாட்டு’ என்ற பொருளிலிருந்து வந்தது என்பதும், ‘புட்சர்’ என்ற சொல் பழைய பிரெஞ்சில் கிடா வெட்டுபவரைக் குறித்ததிலிருந்து வந்தது என்பதும் அங்கே இருக்கின்றன. ‘கேப்’ என்ற வாடகை வண்டியின் பெயர்கூட ஆட்டின் துள்ளலிலிருந்து வந்ததாம். துள்ளிக் குலுங்கி ஓடிய இலேசான குதிரைவண்டிக்குக் ‘கேப்ரியோலே’ என்று பெயர். அதன் சுருக்கம் கேப். நாகர்கோவில் ரயில் நிலைய வாசலில் வண்டி பதிவுசெய்துவிட்டு நிற்கும்போது இனி எனக்குத் துள்ளும் குட்டிதான் நினைவுக்கு வரும்.

‘யூதாஸ் கோட்’ என்ற பதிவும் நன்று. வெட்டுமிடத்துக்கு மந்தையை நடத்திச் செல்லப் பழக்கப்பட்ட ஆட்டுக்கு அந்தப் பெயர். காலபகோஸ் தீவுகளில் 1997 முதல் 2006 வரை நடந்த காட்டாடு ஒழிப்புப் பணியில், வானலைக் கருவி கட்டிய ஆடுகளை அவிழ்த்துவிட்டு அவை சென்று சேரும் கூட்டத்தைக் கண்டுபிடித்தார்கள் என்ற செய்தியையும் நாலு வரியில் தருகிறார்கள். தமிழில் ‘துரோகி’ என்று மொட்டையாக எழுதாமல், காட்டுயானையைப் பிடிக்க உதவும் கும்கியோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். இந்த ஒரு பதிவை எழுதியவரே மற்றவற்றையும் எழுதியிருந்தால் என் விமர்சனம் பாதியாகக் குறைந்திருக்கும்.

தாள் நல்ல தாள். எழுத்து கண்ணுக்கு இதமான அளவு. தையல்தான் சரியில்லை, இரண்டு வாரத்தில் நடுப்பகுதி கழன்றுவிட்டது. ஆங்கிலம் ஓரளவு கைவந்த ஆசிரியர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் அந்தக் கட்டங்களுக்காகவே வாங்கலாம். பிளஸ் டூ மாணவருக்கு, பக்கத்தில் விளக்கிச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல், நான் வாங்கிக் கொடுக்க மாட்டேன்.

கழன்ற பிரதியை எடுத்துக்கொண்டு போனபோது கடைக்காரர் மறுப்பில்லாமல் மாற்றித் தர முன்வந்தார். பிறகு ‘கோட்’ பக்கத்தைத் திறந்து பார்த்தவர், ஓரத்தில் ‘போக்காடு’ என்றும் அதன் கீழே மேலும் ஐந்தாறு வரிகளும் பேனாவால் எழுதியிருப்பதைக் கண்டு, ‘இதை எப்படி சார் திருப்பி அனுப்புவது?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி. இப்போது பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.