ஜம்பிங் ஸ்டில்ட்ஸ் மூட்டில் கீச்சுச் சத்தம்: கடற்கரை ஊரில் சில வருஷ அனுபவம்

காலில் கட்டிக்கொண்டு குதித்து நடக்கும், ஸ்பிரிங் வைத்த ஜம்பிங் ஸ்டில்ட்ஸ் வாங்கியவர்கள் கொஞ்ச காலம் கழித்து என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மூட்டு ஏன் இப்படிக் கத்துது?" நான் இருப்பது சென்னை பெசன்ட் நகர்ப் பக்கம். கல்யாண வரவேற்பு, கடை திறப்பு, பள்ளி ஆண்டு விழா என்று நிகழ்ச்சிகளுக்கு இதை மாட்டிக்கொண்டு போவது என் தொழில். ஒரே ஜோடியைச் சில வருஷமாகப் பிரித்துப் பிரித்து மாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். செண்டை மேளம் முழங்கும் இடத்தில் மூட்டுச் சத்தம் யார் காதிலும் விழாது. பள்ளி அரங்கத்தில் அப்படி இல்லை, ஒவ்வொரு அடியும் கடைசி வரிசை வரை கேட்கும்.

ஜெர்மனியின் அலெக்சாண்டர் போக் வடிவமைத்த கருவி இது. 2004-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் நிறைவு விழாவில் இதை மாட்டிக்கொண்டு ஆடியவர்களைப் பலர் டிவியில் பார்த்திருப்பீர்கள். முழங்காலுக்குக் கீழே கட்டும் அலுமினியச் சட்டம், பாதம் வைக்கும் தட்டு, பின்னால் வில்லாக வளைந்த ஃபைபர்கிளாஸ் ஸ்பிரிங், அடியில் ரப்பர் குளம்பு, இவ்வளவுதான். எடை ஏறும்போது சட்டம் மடங்கும், இறங்கும்போது நிமிரும். மடங்குகிற இடத்தில் ஒரு போல்ட், அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் புஷ், அதாவது போல்ட்டும் சட்டமும் நேராக உரசாமல் நடுவில் நிற்கும் சின்னக் குழாய். சத்தத்தில் பெரும்பங்கு அந்த இடத்திலிருந்துதான் வரும்.

ஆனால் அங்கிருந்துதான் வருகிறது என்று முதலிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது. அலுமினியக் குழாய் வழியாகச் சத்தம் ஓடும். கீழே கத்தினால் மேலே கேட்கும். கையால் அழுத்திப் பார்க்கலாம் என்றால் ஸ்பிரிங் அசையாது, ஆள் எடை வேண்டும். அதனால் நான் மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி மெதுவாக அமிழ்ந்து எழுவேன். தம்பி உட்கார்ந்துகொண்டு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஒவ்வொரு போல்ட் தலையிலும் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பான். பழைய பைக் மெக்கானிக்குகள் இன்ஜினில் செய்கிற அதே வேலை. இதிலும் பிடிபடவில்லை என்றால் ஒரு மூட்டில் மட்டும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். பத்து அமுக்கலுக்குச் சத்தம் அடங்கினால் அதுதான் இடம். எண்ணெயில் இதைச் செய்து பார்க்காதீர்கள். எண்ணெய் அக்கம்பக்கம் எல்லாம் பரவிவிடும், எது கத்தியது என்று அப்புறம் தெரியவே தெரியாது.

காது பழகிவிட்டால் சத்தத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். மெதுவாக அமிழும்போது மெல்லிய "கீச்" என்றால் புஷ் காய்ந்திருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் கால் ஊன்றிய உடனே "டக்" என்றால் புஷ் தேய்ந்து ஆட்டம் கண்டிருக்கிறது, அல்லது நட் தளர்ந்திருக்கிறது. பாதத்தைச் சுற்றி "கிரிச் கிரிச்" என்றால் கட்டும் பட்டையின் பிளாஸ்டிக்கோ, தட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியோ காரணம். தட்டைக் கழற்றி, நடுவில் பழைய சைக்கிள் டியூப்பை அளவாக வெட்டி வைத்து முடுக்கினேன். அந்தச் சத்தம் இன்றுவரை திரும்பவில்லை.

ஸ்பிரிங்கிலிருந்து நார் அறுபடுகிற மாதிரி "சட்" என்று கேட்டால் மட்டும் அன்றைக்கு அதோடு கழற்றிவிட வேண்டும். அது எண்ணெயால் தீரும் சத்தம் இல்லை. ஒரு பருத்தித் துணியை ஸ்பிரிங்கின் ஓரம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். எங்காவது நூல் மாட்டி இழுத்தால் அங்கே நார் கிளம்பியிருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைக் கோடுகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். குதிக்கும்போது ஸ்பிரிங் உடைந்தால் எப்படி விழுவோம் என்று சொல்லவே முடியாது. இந்த ஒரு விஷயத்தில் "இன்னும் ஒரு நிகழ்ச்சி தாங்கும்" என்று யாரும் துணியக் கூடாது.

சரி, காய்ந்த புஷ்ஷுக்கு வருவோம். பலரும் முதலில் எடுப்பது துருநீக்கி ஸ்ப்ரேயைத்தான். அடித்த உடனே அமைதியாகிவிடும், சந்தேகமே இல்லை. ஆனால் அதன் முக்கிய வேலை ஈரத்தை விரட்டுவதும் இறுகிய நட்டை இளக்குவதும். மூட்டில் நின்று உயவு தருகிற கெட்டியான பொருள் அதில் அதிகம் கிடையாது. ஏற்கெனவே இருந்த கிரீஸையும் கரைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும், மிச்சம் நிற்கும் எண்ணெய்ப் படலத்தில் மணல் ஒட்டும். கடற்கரைச் சாலையில், அதிலும் ஆடிக் காற்று அடிக்கிற நாட்களில், அந்தப் படலம் தேய்க்கும் பசையாகவே மாறிவிடும். வழக்கமான கிரீஸுக்கும் இதே கதிதான். நான் இரண்டையும் விட்டுவிட்டு, காய்ந்தபின் மெழுகு மாதிரி படியும் டெஃப்லான் ட்ரை ஸ்ப்ரேக்கு மாறிவிட்டேன். பிளாஸ்டிக் புஷ்ஷுக்குள் மட்டும் சிலிகான் கிரீஸ், விரல் நுனியில் எடுக்கிற அளவு.

ஸ்ப்ரே அடிப்பதற்கு முன்னால் மூட்டைப் பிரிக்க வேண்டும். பிரிக்காமல் வெளியிலிருந்து அடிப்பது சத்தத்தைத் தள்ளிப்போடுகிறதே தவிரத் தீர்ப்பதில்லை. சில மாடல்களில் ஸ்பிரிங் சும்மா இருக்கும்போதும் லேசான இழுப்பில் இருக்கும், அதனால் சட்டத்தோடு சேர்த்து ஒரு பட்டை போட்டுக் கட்டிவிட்டு போல்ட்டை உருவுங்கள். முகத்தை நேர் எதிரே வைக்காதீர்கள். உள்ளே கறுப்பு மை மாதிரி ஒன்று இருக்கும். அலுமினியம் தேய்ந்த தூளும் மணல் தூசியும் சேர்ந்தது அது. அலுமினியத் தூள் காற்றுப்பட்டு ஆக்ஸைடாகும். உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் துகளும் பல நேரம் அதே அலுமினிய ஆக்ஸைடுதான். அதை அப்படியே விட்டு மேலே கிரீஸ் வைத்தால் மூட்டு தன்னைத்தானே அறுத்துக்கொள்ளும். போல்ட்டையும் வாஷரையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கலாம். ரப்பர் குளம்பு பக்கம் மண்ணெண்ணெய் போகக் கூடாது, ரப்பர் ஊதிவிடும். ஃபைபர்கிளாஸுக்கு ஈரத்துணி போதும்.

துடைத்த போல்ட்டை நகத்தால் நீளவாக்கில் சுரண்டிப் பாருங்கள். நகம் எங்காவது தடுக்கினால் அந்த போல்ட் பள்ளம் விழுந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். என்னுடையதில் இரண்டு காலிலும் உள்பக்கம்தான் அதிகம் தேய்ந்திருந்தது. கால் லேசாக உள்ளே சாய்ந்து நடப்பவர்களுக்கு அப்படித்தான் தேயும்.

புஷ் மாற்றும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. தொழிற்சாலை புஷ் இங்கே கிடைப்பது கஷ்டம், அதனால் லேத்துப் பட்டறைக்குப் போனேன். பட்டறை அண்ணன் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கன்மெட்டல்ல கடைஞ்சு தரேன் தம்பி, ஆயுசுக்கும் தேயாது" என்றார். வண்டிக்கு அது சரியான யோசனை. ஆனால் இது அலுமினியச் சட்டம், ஊரிலோ உப்புக் காற்று. செம்பு கலந்த உலோகமும் அலுமினியமும் ஒட்டி இருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால், அரிக்கப்படுவது அலுமினியம்தான். புஷ் தேயாமல் நிற்கும், சட்டத்தின் ஓட்டை பெரிதாகும். புஷ் மலிவு, சட்டம் அப்படி இல்லை. "அண்ணே, டெல்ரின்ல போட்டுக் குடுங்க" என்றேன். டெல்ரின் ஒரு வகைக் கெட்டி பிளாஸ்டிக். நைலானும் வேண்டாம் என்றேன். நைலான் ஈரத்தை இழுத்து உப்பும், மழைக்காலத்தில் மூட்டு இறுகும். டெல்ரின் அந்த அளவுக்கு ஈரம் குடிக்காது. போல்ட்டின் விட்டத்தைவிடத் துளை 0.1 மில்லிமீட்டர் வரை பெரிதாக இருக்கும்படி கடைந்து கொடுத்தார். கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, ஆட்டம் இல்லை. அந்த புஷ்கள்தான் இன்றும் ஓடுகின்றன.

திரும்ப மாட்டும்போது பலம் காட்டக் கூடாது. நட்டை முடுக்கி, பிடித்ததும் சற்றுத் திருப்பித் தளர்த்தி, மூட்டு தன் எடையிலேயே ஆடி விழுகிறதா என்று பார்ப்பேன். பக்கவாட்டில் அசைத்தால் அசையக் கூடாது. இரண்டும் சேர்ந்து அமைகிற இடத்தில் நிறுத்திவிடுவேன். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டைக் கழற்றினால் புதிதாகப் போட்டுவிடுவேன், பழைய நட்டின் பிடி குறைந்துகொண்டே வரும். நட் தளராமல் இருக்க மரையில் பூசும் லாக்டைட் பசை அசையாத போல்ட்டுகளுக்கு மட்டும்தான், அதுவும் பிளாஸ்டிக் பக்கம் வழியாமல். சில பிளாஸ்டிக்கை அது வெடிக்க வைத்துவிடும்.

இவ்வளவும் செய்தபின் பராமரிப்பு சின்ன வேலைதான். ஓட்டிவிட்டு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மூட்டுகளைத் துடைத்து நிழலில் காய வைக்கிறேன். வெயில் காலத்தில் ட்ரை ஸ்ப்ரே நன்றாகவே தாங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிக்கடி அடிக்க வேண்டியிருக்கிறது. ஸ்பிரிங் உங்கள் எடைக்கு ஏற்றதா என்பதையும் பாருங்கள். எடைக்குக் குறைந்த ஸ்பிரிங் ஒவ்வொரு குதிப்பிலும் முழுக்க மடங்கி மூட்டை இடித்துக்கொண்டே இருக்கும், எந்தப் புஷ்ஷும் அதற்கு நிற்காது.

எனக்கு இன்னும் அடங்காதது முழங்கால் பட்டையின் கீலில் வரும் சத்தம் மட்டும்தான். அங்கே போல்ட் இல்லை, ரிவெட் அடித்திருக்கிறார்கள், பிரித்துத் துடைக்க வழியில்லை. பட்டைக்கு அடியில் டால்கம் பவுடர் தூவினால் ஒரு நிகழ்ச்சிக்குத் தாங்குகிறது. அடுத்த முறை லேத்துப் பட்டறைக்குப் போகும்போது ரிவெட்டைத் துளைத்து எடுத்துவிட்டு, தலை தட்டையான போல்ட் போட முடியுமா என்று அண்ணனிடம் கேட்க வேண்டும். போல்ட் தலை துருத்திக்கொண்டு காலில் உரசாமல் இருந்தால் சரி.