ஃபேக்ட் பொத்தான் வைத்த கால்குலேட்டர்: வாங்கலாம், அடைப்புக்குறியைப் பார்த்து வாங்குங்கள்

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் வீட்டு வராண்டாவில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஜனவரியில் பள்ளி திறந்ததும் பாதிப் பிள்ளைகள் இந்த சயன்டிஃபிக் கால்குலேட்டரோடு வந்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் கையில் இருப்பது டீச்சரிடம் இல்லாவிட்டால் மரியாதையா? நானும் வாங்கிவிட்டேன். பொத்தான்கள் அழுத்தமாக இருக்கின்றன, திரையில் எழுத்து தெளிவு, மூடிதான் கழன்று கழன்று விழுகிறது. சரி, நான் எழுத வந்தது ஃபேக்ட் பொத்தானைப் பற்றி.

பத்து இலக்கம் வரை எந்த முழு எண்ணைப் போட்டாலும் பகாக் காரணிகளாகப் பிரித்துக் காட்டும். காவடி விரதம் முடிந்த வாரம் 4294967297ஐப் போட்டேன். 2இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வருவது. அடுக்கை 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய் 1 கூட்டினால் வரும் இந்த வரிசையில் எல்லாமே பகா எண்கள் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார். 3, 5, 17, 257, 65537 வரை அவர் நம்பிக்கை பலித்தது. அடுத்த எண்ணிலேயே கவிழ்ந்தது. அது 641ஆல் மீதியின்றி வகுபடும் என்று 1732இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் காட்டினார். அதன் காரணி எதுவானாலும் 64இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும் என்று பின்னால் நிறுவியும் வைத்தார். அந்தச் சல்லடையில் சலித்தால் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவது வகுத்தலிலேயே ஆள் அகப்பட்டுவிடும்!

கால்குலேட்டர் சட்டென்று 641×(6700417) என்றது. அந்த அடைப்புக்குறியில்தான் விஷயம். இது மூன்று இலக்கப் பகா எண்கள் வரைதான் தேடும். மிச்சத்தைப் பிரிக்க வராவிட்டால், 'இதற்கு மேல் என்னால் ஆகாது' என்று அடைப்புக்குறிக்குள் தள்ளிவிடும்.

என் மாணவி ஒருத்தி 4104676ஐப் போட்டாள். 2²×(1026169) என்று வந்ததும் 1026169 பகா எண் என்று நோட்டில் எழுதிவிட்டாள். 1013ஐ 1013ஆல் பெருக்கிப் பார் என்றேன். அதே 1026169. "மிஸ், மெஷின் பொய் சொல்லுதா?" என்று கிரியோலில் கேட்டாள். பாவம் மெஷின். கையேட்டில் பொடி எழுத்தில் போட்டுத்தான் இருக்கிறது, யார் படிக்கிறார்கள்?

6700417 நிஜமாகவே பகா எண்தான். அதைக் கையாலேயே பார்த்துவிட்டோம். அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதன் காரணிகள் 4294967297க்கும் காரணிகள்தானே, அதனால் அவையும் அதே 64 சல்லடைக்குள்தான் வந்தாக வேண்டும். சிறியவை முன்பே தோற்றுவிட்டதால் பாக்கி 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113 மட்டும். ஏழே வகுத்தல், ஏழிலும் மீதி வந்தது. வாங்கப் போன தால் பூரி வந்து சேருவதற்குள் பிள்ளைகள் முடித்துவிட்டார்கள்.

மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு கணக்குகளைச் சரிபார்க்க இது தாராளம். நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்று அந்த மூடிக்காக.