இரண்டடிக் கம்பிக்கு நாலு நாள்

பாம்பன் புதுப் பாலத்தைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். ரயில், வங்கி வேலை, பட்டா நகல் எல்லாம் இந்த முறை நல்லபடியாகவே முடிந்தன. அவற்றை விட்டுவிடுகிறேன். சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்த மூன்று வார விடுப்பில் நாலு நாளைத் தின்ற ஒரு கம்பியைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று இருக்கிறது. பாத்ரூம் சுவரில் மாட்டுகிற, இரண்டடி நீளமுள்ள பிடிகம்பி.

எங்கள் ஊர் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில். அம்மாவுக்கு 76 வயது. மே மாதம் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்குப் பாத்ரூம் போனவர், எழுந்திருக்கும்போது துண்டு போடுகிற கம்பியைப் பிடித்திருக்கிறார். அது பிளாஸ்டிக் பிளக்கோடு சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. இடது மணிக்கட்டு எலும்பு முறிவு. சித்தி மகன் போன் செய்தபோது சிங்கப்பூரில் காலை எட்டு மணி. தோ பாயோவில் ஒரு சீனப் பாட்டி வீட்டுப் பாத்ரூமில் கைப்பிடி மாட்டிக்கொண்டிருந்தேன். பதினோரு வருடமாக அதுதான் என் வேலை. எத்தனை வீட்டில் மாட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. பெற்ற தாய் வீட்டில் ஒன்றுகூட மாட்டவில்லை.

சிங்கப்பூரில் 2012 முதல் வயதானவர்களுக்காக 'ஈஸ்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. குடிமகன் ஒருவரின் வீடமைப்பு வாரிய (அரசு அடுக்குமாடி) வீட்டில் 65 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் இருந்தால் விண்ணப்பிக்கலாம். பாத்ரூம் தரைக்கு வழுக்காத பூச்சு, பிடிகம்பிகள், வாசல் படிக்குச் சாய்தளம் எல்லாம் செய்து தருவார்கள். செலவில் 95 சதவீதம் வரை அரசாங்கம் ஏற்கும். சாலை கடக்கும் இடத்தில்கூட வயதானவர்கள் தங்கள் அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு சில விநாடி கூடுதலாக எரியும். யாரும் அதைப் பெரிய விஷயமாகப் பேசுவதில்லை.

நம் வீட்டுப் பாத்ரூமைச் சொல்ல வேண்டும். என் பணத்தில் கட்டியது. டைல்ஸ் பளபளவென்று இருக்கட்டும் என்று போனில் சொன்னவனும் நான்தான். போர் தண்ணீர் உப்பு. தரையில் வெள்ளையாகப் படிந்து, அதன்மேல் சோப்புத் தண்ணீர் பட்டால் கால் நிற்காது. உள்ளே அரையடி இறக்கம். வெளி நடையில் காவிரித் தண்ணீர் பிடித்து வைத்த குடங்கள் வரிசையாக இருக்கும். இருட்டில் அவற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். பழைய வீட்டில் கிணற்றடியில் குளித்தவர்களுக்குத் தெரியும்: தரை சொரசொரப்பான கல், ஒரு பக்கம் தொட்டிச் சுவர், ஒரு பக்கம் துவைகல், கை நீட்டினால் தென்னை மரம். அந்தக் கிணற்றடியில் அப்பத்தா 88 வயது வரை குளித்தார், ஒரு நாளும் விழுந்ததில்லை. நாங்கள்தான் வசதி என்று நினைத்து எல்லாவற்றையும் மூடிவிட்டு வழவழப்பான பெட்டிக்குள் அம்மாவை விட்டோம்.

சரி, கம்பிக்கு வருகிறேன். முதல் நாள் ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் நாலு சானிட்டரி கடை ஏறி இறங்கினேன். பிடிகம்பி என்றால் துண்டுக் கம்பியை எடுத்து வைக்கிறார்கள். "ஆள் பாரம் தாங்கணும்ண்ணே" என்றால், "நல்ல வெயிட்டான பீஸ் சார், கையில புடிச்சுப் பாருங்க" என்கிறார்கள். ஒருவர் ரப்பர் கப் வைத்து சுவரில் ஒட்டுகிற மாதிரி ஒன்றைக் காட்டினார். உப்புப் படிந்த டைல்ஸில் அது எத்தனை நாள் ஒட்டும்? வயதானவர் கையில் அதைக் கொடுப்பது கம்பியே இல்லாததைவிட மோசம், நம்பிக்கையோடு பிடிப்பார்கள். இன்னொரு கடையில் மதுரையிலிருந்து வரவழைக்கிறேன் என்று முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். அது நான் கிளம்பும் வரை வரவில்லை. ஆன்லைனில் வாங்கியது மூன்றாம் நாள் வந்தது. குழாய் தகடு மாதிரி மெல்லிசு, கூட வந்த திருகாணி அப்போதே பழுப்பேறியிருந்தது.

பிளம்பர் பத்து மணிக்கு வருகிறேன் என்றவர் இரண்டு நாள் கழித்து வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். ஹாலோ பிளாக் சுவர், உள்ளே வெற்றிடம். "துளை போட்டா டைல்ஸ் விரிஞ்சிரும் சார், அப்புறம் என்னையச் சொல்லக் கூடாது" என்று டிரில்லரை எடுக்காமலே போய்விட்டார். அவர் பயந்ததில் பாதி நியாயம்தான். அந்தச் சுவரில் சாதாரண பிளக் பிடிக்காது. ஆனால் மாற்று வழி யோசிக்க யாரும் தயாராக இல்லை என்பதில்தான் எனக்குக் கோபம். நலம் விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: "வயசானா விழத்தான் செய்வாக." இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆறவில்லை. 65 தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருடத்தில் ஒரு முறையாவது விழுகிறார் என்பது உலகம் முழுக்க உள்ள கணக்குதான். அதற்காக அது விதி ஆகிவிடாது. ஈரத் தரை, இருட்டு, தேய்ந்த ரப்பர் செருப்பு, தூக்க மாத்திரை என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் கையில் இருக்கிறது.

நாலாம் நாள் சித்தி மகன்தான் மண்டபத்தில் படகு வேலை பார்க்கும் வெல்டிங் பட்டறைக்குக் கூட்டிப்போனான். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது என்பதால் எல்லாப் படகும் அப்போதுதான் பழுது பார்க்கப்படும். பட்டறையில் நிற்க இடமில்லை. "ரெண்டு மாசத்துக்கு வீட்டு வேலை எடுக்கிறதில்ல தம்பி" என்றார் பட்டறை அண்ணன். அம்மா விழுந்த கதையைச் சொன்னேன். கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு, "என்ன சுவரு?" என்று கேட்டார்.

ஹாலோ பிளாக் என்றதும் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "ஆணிய நம்பாதீங்க. ஃபைபர் படகுல கைப்பிடி வைக்கிறப்ப ஆணியா அடிக்கிறோம்? ஊடால போல்ட்டு விட்டு, அந்தப் பக்கம் பிளேட்டு வச்சு முடுக்குவோம். ஒங்க சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" கொல்லை. "அப்ப என்ன கவல? பிளேட்ட வெளியில போட்டுருவோம்."

பதினோரு வருடம் இதே வேலை பார்க்கிற எனக்கு ஊர்ச் சுவரைப் பார்த்து இது தோன்றவில்லை. சிங்கப்பூரில் கான்கிரீட் சுவர், ஆங்கர் போல்ட் போட்டால் முடிந்தது. இவருக்கோ ஈரமான ஆடுகிற தளத்தில் மனிதன் கை எங்கே போகும் என்பது தொழிலாகவே தெரிந்திருக்கிறது. எங்கள் கடற்கரையில் பிடி இல்லாத படகு கிடையாது. வீடுகளில்தான் பிடி இல்லை.

குழாய் ஒன்றேகால் இஞ்சு, அம்மா கை முழுதாகச் சுற்றிப் பிடிக்கும் கனம். சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் விரல் நுழைய 4 செ.மீ. இடைவெளி. 304 ரக எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வேண்டாம், கடல் காற்றுக்குப் புள்ளி புள்ளியாகத் துரு வரும், 316 போடலாம் என்று அவரே சொன்னார். அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பைத் தாங்கும். படகுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த குழாயையே வெட்டினார். உட்காரும் இடத்தில் படுக்கைவாட்டில் ஒன்று, இறக்கத்துக்குப் பக்கத்தில் நெட்டுக்குத்தாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மாலை பையனோடு வந்து, தண்ணீர் விட்டுக்கொண்டே மெதுவாகத் துளை போட்டார். ஒரு டைல்ஸும் விரியவில்லை. மாட்டியதும் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். கூலி கேட்கவே கூச்சப்பட்டார்.

அரசாங்கப் பக்கம் ஒரு நல்லதையும் சொல்லிவிடுகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது விளம்பரம் என்றுதான் நினைத்தேன். எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலர் தங்கச்சி, அம்மாவுக்குப் படுக்கவைத்து ஒரு முறை, எழுந்து நிற்கவைத்து ஒரு முறை ரத்த அழுத்தம் பார்த்தது. 148 இருந்தது நின்றதும் 122. இருபதுக்கு மேல் இறங்கினால் கவனிக்க வேண்டும் என்று டாக்டரிடம் அனுப்பி வைத்தது. எந்த மாத்திரை எப்போதிலிருந்து என்று டாக்டர் விசாரித்தபோதுதான், அம்மா பழைய சீட்டைக் காட்டி இரண்டு வருடமாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. அதைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்தார். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொன்னார். 12 விநாடிக்குள் முடிய வேண்டுமாம், அம்மாவுக்கு 17. ஜன்னல் கம்பியை நல்ல கையால் பிடித்துக் குதிகால் தூக்குவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். சிங்கப்பூரில் இதற்கு நாள் வாங்கிப் போய்க் காத்திருப்போம்.

அம்மா ராமேஸ்வரம் போயே ஆக வேண்டும் என்றார். 22 தீர்த்தமும் ஆட வேண்டும் என்று பிடிவாதம். கட்டுப் போட்ட கையோடு, ஈரப் புடவையோடு, தண்ணீர் ஓடும் கருங்கல்லில் கிணறு கிணறாக எப்படி நடக்க விடுவேன்? சின்ன வயதில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தனை கிணறும் சுற்றியவர். இந்த முறை அக்னி தீர்த்தக் கரையில் தலையில் தெளித்ததோடு கூட்டி வந்துவிட்டேன். இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

கம்பி மாட்டிய மூன்றாம் நாள் எதிர்வீட்டு ஆச்சி வந்து பார்த்தார். இரண்டு கையாலும் பிடித்து உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். "எனக்கும் ஒண்ணு மாட்டித் தரச் சொல்லு அப்பு" என்றார். அப்புறம் அவர் சம்பந்தி வீட்டிலும், பள்ளிவாசல் தெருவில் அம்மாவின் சிநேகிதி வீட்டிலும் கேட்டார்கள். யாரிடமும் டேப் இல்லை. எவ்வளவு நீளம் வேண்டுமோ அந்த அளவுக்குக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மதுரை விமான நிலையத்துக்குப் போகும் வழியை விட்டு எதிர்த்திசையில் மண்டபம் போய், மூன்று கயிற்றையும் பட்டறை அண்ணனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். தடைக்காலம் முடிய ஆறு நாள் இருந்தது. படகெல்லாம் இறங்கியதும் முதல் வேலை இதுதான் என்று கயிறுகளை டிரில்லர் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார்.