மூலத்துக்கு மூணு வருஷம் நான் சாப்பிட்டது: பிரண்டை கேப்சூல், டாஃப்ளான், இசப்கோல்

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை லாரி ஓட்டுறேன். காலையில ஏறுனா மில்லுல க்யூ நின்னு குலையை எறக்கி வர்றதுக்குள்ள ஒம்போது பத்து மணி நேரம் சீட்டுலயே போயிரும், வழியில டாய்லெட் தேடணுமேன்னு தண்ணியும் குடிக்க மாட்டேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி ரத்தம் பார்த்தேன், வெக்கத்துல வீட்டுல கூட ரெண்டு மாசம் வாய் தெறக்கல. என்னை மாதிரி வெளிய சொல்ல முடியாம காசை கொட்டுறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல வாங்குனது பசார் மாலாம்ல (ராத்திரி சந்தை) ஒரு கேப்சூல், டப்பி 85 வெள்ளி (ரிங்கிட்), பிரண்டை, துத்தி, கடுக்காய்னு லேபிள்ல போட்டிருந்துச்சு. நாலு டப்பி முடிச்சேன். எரிச்சல் அடங்கும், தீபாவளிக்கு ரெண்டு நாள் ஆட்டுக்கறி சாப்பிட்டா மறுபடி ரத்தம். பிறகுதான் புரிஞ்சது, மூலம் பல நேரம் தானா ஒரு வாரத்துல அடங்கிரும், கொஞ்ச நாள் கழிச்சு தானா வரும், அந்த வாரத்துல எதை முழுங்கியிருந்தாலும் அதுதான் கேட்டுச்சுன்னு நெனச்சுக்குறோம். டப்பியில எம்ஏஎல் (MAL) நம்பரே, அதாவது அரசாங்கத்துல மருந்தைப் பதிவு செஞ்ச நம்பரே, இல்லைன்னு என் மகதான் பார்த்து சொன்னா. பதிவு செஞ்ச பாரம்பரிய மருந்துன்னா எம்ஏஎல்லுல ஆரம்பிச்சு டி (T) எழுத்துல முடியுற நம்பரும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கணும். நம்பர் இருந்தாலும் நோய் குணமாகும்னு நிரூபிச்சதா அர்த்தம் இல்ல, அதையும் சேத்து சொல்லிடுறேன்.

பிரண்டை மேல எனக்கு கோவம் கிடையாது, எங்க பாட்டி லயத்து வேலியில படர்ந்ததை கையில எண்ணெய் தடவிக்கிட்டு நறுக்கி அரைக்குற துவையல் இன்னிக்கும் உயிர். ஆனா 2010ல வந்த தாய்லாந்து ஆய்வுல 570 பேரை மூணா பிரிச்சு பிரண்டை, டாஃப்ளான், மருந்தே இல்லாத வெறும் மாத்திரைன்னு குடுத்து பார்த்தாங்க, மூணுக்கும் வித்தியாசம் தெரியல. சாப்பாடா சாப்பிடுவேன், மருந்துன்னு காசு குடுத்து இனி வாங்க மாட்டேன்.

டாஃப்ளான் பார்மசியில குடுத்தாங்க, ஆரஞ்சு வகைப் பழத்துல இருக்குற பொருள்தான், ஒரு மாத்திரையில டையோஸ்மின் 450, ஹெஸ்பெரிடின் 50 மில்லிகிராம். முத்துன நேரத்துல முதல் நாலு நாள் ஒரு நாளைக்கு மொத்தம் ஆறு, அடுத்த மூணு நாள் ஒரு நாளைக்கு மொத்தம் நாலு. எனக்கு மூணாம் நாள் ரத்தம் நின்னுச்சு, வெளிய தள்ளுற சதை அப்படியேதான் இருந்துச்சு. 2012ல கொக்ரேன்காரங்க (மருத்துவ ஆய்வுகளை ஒண்ணா சேத்து அலசுற அமைப்பு) இந்த வகை மருந்துகளைப் பத்தின 24 ஆய்வை ஒண்ணா சேத்து பார்த்ததுலயும் ரத்தம், அரிப்பு குறையுது, வலி குறையுறது உறுதியா தெரியலன்னுதான் வந்துச்சு.

என்னை காப்பாத்துனது இசப்கோல், தண்ணியில கலக்கிக் குடிக்குற நார்ச்சத்து உமி. இதுக்கு 2005லயே கொக்ரேன் பார்த்திருக்காங்க, நார்ச்சத்து சேத்துக்கிட்டவங்களுக்கு ரத்தம் வர்றது பாதியா குறைஞ்சிருக்கு, ஏழு ஆய்வு, 378 பேர். உடனே கேக்காது, எனக்கு அஞ்சு வாரம் ஆச்சு, முதல் வாரம் வயிறு உப்பி படுத்தி எடுத்துச்சு. ஒரு ஸ்பூனுக்கு ஒரு பெரிய கிளாஸ் தண்ணி கட்டாயம், தண்ணி பத்தலன்னா தொண்டையிலயோ குடல்லயோ அடைச்சுக்கும். வேற மாத்திரை சாப்பிடுறவங்க ரெண்டு மணி நேரம் தள்ளி குடிங்க.

ஒண்ணு மட்டும் கெஞ்சி கேக்குறேன், ரத்தம்னா மூலம்தான்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. எங்க லைன்ல ஒரு அண்ணன் ரெண்டு வருஷம் கருணைக்கிழங்கு லேகியம் சாப்பிட்டாரு, கடைசியில பார்த்தா குடல் புற்றுநோய். அவரை அடக்கம் பண்ணிட்டு வந்த வாரம்தான் நான் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்க சுகாதார கிளினிக்) போனேன், ஒரு வெள்ளி கட்டி சீட்டு எடுத்தேன், அங்கேர்ந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி கோலோனோஸ்கோபி (குடலுக்குள்ள கேமரா விட்டு பார்க்குறது) பார்த்து வெறும் மூலம்தான்னு சொன்ன பிறகுதான் தூக்கமே வந்துச்சு. மூலச் சதை வத்தி விழுறதுக்கு அதோட அடியில சின்ன ரப்பர் பேண்ட் போட்டாங்க, ரெண்டு நாள் கடுத்துச்சு, அவ்வளவுதான்.

இப்ப பதினாலு மாசமா இசப்கோலை விடல. லாரியில ஒன்றரை லிட்டர் போத்தல் ரெண்டு இருக்கு, மில் க்யூவுல எறங்கி நடக்குறேன். நடுவுல ரெண்டு தடவை ரத்தம் வந்துச்சு, ரெண்டும் வெளியூர் கல்யாணத்துக்கு போய் நாலஞ்சு நாள் இசப்கோல் குடிக்காம விட்டப்ப.