தகரத்தின் துருவை என்ஜினுக்குள் கொண்டுபோவது: டெம்ப்ளேட்டா, ஜிஎல்பியா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய தகர வீடுகள் இன்னும் அங்கங்கே நிற்கின்றன. மரச்சட்டத்தின் மேல் நெளிநெளியான தகரம் அடித்த வீடுகள். 1860-இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து இறங்கிய ஊர் இது. அப்படி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இப்படிப்பட்ட வீடுகளில் வாழ்ந்திருக்கிறார்கள். அதில் ஒன்றையும், பக்கத்தில் ஒரு சின்ன முருகன் கோயிலையும் நானும் என் மைத்துனரும் ஒரு விளையாட்டுக்காகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். முப்பரிமாண மாடல்களுக்கு வண்ணம் தீட்டும் மென்பொருளான சப்ஸ்டன்ஸ் பெயின்டரில் தீட்டுவது நான். யூனிட்டி என்ற என்ஜினில், அதாவது விளையாட்டை ஓட்டும் மென்பொருளில், காட்சி அமைப்பது அவர். பழைய மடிக்கணினிகளில் ஓடும் சிறு பதிப்பை கோடோ என்ற இன்னொரு என்ஜினில் செய்கிறோம். ஒரே டெக்ஸ்சர், அதாவது மாடலின் மேல் போர்த்தும் படங்கள், இரண்டு என்ஜினுக்கும் போக வேண்டும்.

அதற்கு நாங்கள் பயன்படுத்திப் பார்த்த வழிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று, பெயின்டரிலேயே இருக்கும் எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட்டில் (வெளியே எடுப்பதற்கான ஆயத்த அமைப்பு) என்ஜினைத் தேர்ந்தெடுத்து, நிறம், சொரசொரப்பு போன்ற ஒவ்வொரு தன்மைக்குமான மேப்புகளைப் படங்களாக எடுப்பது. மற்றது, மாடலையும் டெக்ஸ்சரையும் சேர்த்து ஒரே ஜிஎல்பி கோப்பாகக் கொடுத்துவிடுவது. பிஎஸ்டி என்ற ஃபோட்டோஷாப் கோப்பையே யூனிட்டியில் போடலாம் என்பார்கள். போடலாம்தான், ஆனால் கோப்பு பெருத்துவிடுகிறது, லேயர்களும் உள்ளே தட்டையாகிவிடுகின்றன. அதை விட்டுவிட்டோம்.

டெம்ப்ளேட் வழியின் சிக்கல் சேனல்களில் இருக்கிறது. ஒரு படத்தின் சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா (ஒளிபுகும் அளவு) ஆகியவையே சேனல்கள்; ஒவ்வொன்றிலும் ஒரு தனி மேப்பை வைக்கலாம். அன்ரியல் என்ற மற்றொரு என்ஜினுக்கான பேக் செய்த டெம்ப்ளேட் சிவப்பில் அக்லூஷனையும் (இடுக்குகளின் நிழல்), பச்சையில் ரஃப்னஸையும் (சொரசொரப்பு), நீலத்தில் மெட்டாலிக்கையும் (உலோகத் தன்மை) வைக்கும். கோடோவின் ஓஆர்எம் மெட்டீரியலும் இதே வரிசைதான். யூனிட்டி அப்படியில்லை. சிவப்பில் மெட்டாலிக்கை எதிர்பார்க்கும். ரஃப்னஸைத் தலைகீழாக்கி, ஸ்மூத்னஸ் (வழவழப்பு) என்று ஆல்ஃபாவில் கேட்கும். ஒருநாள் கோடோவுக்கு எடுத்த கோப்பை அவசரத்தில் யூனிட்டியின் மெட்டாலிக் இடத்தில் போட்டுவிட்டோம். அக்லூஷன் படம் பெரும்பாலும் வெள்ளை. யூனிட்டி அதை முழு உலோகம் என்று எடுத்துக்கொண்டது. மரச்சட்டம், சுண்ணாம்புச் சுவர், துளசி மாடம் எல்லாம் எவர்சில்வர் பாத்திரம் மாதிரி மின்னின.

அடுத்தது எஸ்ஆர்ஜிபி. படத்தின் எண்களைத் திரையின் நிறங்களாக எடுத்துக்கொண்டு மாற்றிப் படிக்கும் முறை அது. நிறப் படத்துக்கு மட்டும் அது இருக்க வேண்டும். ரஃப்னஸ், மெட்டாலிக், மேடுபள்ளத்தைச் சொல்லும் நார்மல் எதற்கும் கூடாது. ரஃப்னஸ் படத்தில் 0.5 என்று தீட்டிய இடத்தை எஸ்ஆர்ஜிபி என்று படித்தால் என்ஜினுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 0.21. அப்போது ரஃப்னஸைத் தனிப் படமாகக் கொடுத்திருந்தோம்; எங்கள் துருப்பிடித்த கூரை, மழை விட்ட அடுத்த நிமிடம் போல ஈரமாகப் பளபளத்தது. துரு உலோகமல்ல, அதனால் மெட்டாலிக் மேப்பில் அது கறுப்பு. துரு ஏறாத தகரம் வெள்ளை. அதைச் சரியாகத்தான் தீட்டியிருந்தேன். இரண்டு நாள் பெயின்டரிலேயே தவறைத் தேடினேன். கடைசியில் யூனிட்டியில் அந்தப் படத்தின் எஸ்ஆர்ஜிபி டிக்கை எடுத்ததும் துரு துருவாகத் தெரிந்தது.

ஜிஎல்பி இந்த இடத்தில்தான் மனதைக் கவர்கிறது. எந்தச் சேனலில் என்ன, எதற்கு எஸ்ஆர்ஜிபி, நார்மலின் பச்சை எந்தப் பக்கம் என்பதையெல்லாம் ஜிஎல்பியின் அடிப்படையான ஜிஎல்டிஎஃப் 2.0 தரமே வரையறுத்துவிட்டது. கோடோவில் கோப்பைப் போட்டதும் வீடு அப்படியே எழுந்து நிற்கிறது. யூனிட்டியில் அவ்வளவு எளிதில்லை. ஜிஎல்டிஎஃபாஸ்ட் என்ற பேக்கேஜைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அது தன் சொந்த ஷேடரை, அதாவது பரப்பில் ஒளி எப்படி விழுகிறது என்று கணக்கிடும் நிரலை, போட்டுத் தருகிறது. என் மைத்துனர் எல்லாப் பொருளுக்கும் யூனிட்டியின் ஒரே லிட் ஷேடரை வைத்திருக்கிறார், அதனால் அவருக்கு இது இடைஞ்சல். இன்னொன்று: தூண் ஒன்றின் நிறத்தை மட்டும் மாற்றினாலும் மாடலோடு சேர்த்து முழுக் கோப்பும் மறுபடி போக வேண்டும். டேட்டா காசு கொடுத்து வாங்கி அனுப்புகிறவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

நார்மல் மேப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யூனிட்டியும் கோடோவும் ஓப்பன்ஜிஎல் முறை, அன்ரியல் டைரக்ட்எக்ஸ் முறை. மேல்கீழைச் சொல்லும் பச்சைச் சேனல் மட்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ். கோபுரத்தை நான் தெரியாமல் டைரக்ட்எக்ஸில் எடுத்துவிட்டேன். எனக்கு ஏதோ உறுத்தியது, என்னவென்று பிடிபடவில்லை. பின்னால் நின்று பார்த்த ஆயாதான் கேட்டார்: “ஏன்டா, சாமியெல்லாம் குழிக்குள்ளே போயிருச்சு?” அதேதான். பச்சை புரண்டால் இடவல வெளிச்சம் சரியாகவே இருக்கும், மேல்கீழ் மட்டும் மாறும். மேலே வெயில் இருக்க, சிலைகளின் தாடைக்கடியில் வெளிச்சமும் நெற்றியில் நிழலும் விழும். தட்டையான சுவரில் இது கண்ணுக்கே படாது, அதனால் நார்மலைச் சோதிக்கும்போது சிலை, நெளிதகரம் மாதிரி மேடுபள்ளம் உள்ளதை வைத்துப் பாருங்கள்.

சரி, எங்கள் முடிவு. கோடோ பதிப்புக்கு ஜிஎல்பிதான், யோசிக்கவே வேண்டாம். யூனிட்டிக்கு டெம்ப்ளேட், ஆனால் படங்களை பிஎன்ஜி வடிவில் எடுக்க வேண்டாம், டிஜிஏ வடிவில். மெட்டாலிக் படத்தின் ஆல்ஃபாவில் ஸ்மூத்னஸ் இருப்பதால், சொரசொரப்பான இடமெல்லாம் பட மென்பொருளில் ஒளிபுகும் இடமாகத் தெரியும். அதை பிஎன்ஜியாகத் திரும்பச் சேமித்தால் சில மென்பொருள்கள் அங்கிருக்கும் நிறத்தையே அழித்துவிடுகின்றன. எங்கள் கூரையில் ஒரு முழத்துக்குத் தகரம் அப்படித்தான் காணாமல் போனது.

காவடியின் மயிலிறகுகள் மட்டும் இரண்டு வழியிலும் தொல்லை கொடுத்தன. ஓரமெல்லாம் கறுப்புக் கோடு. எக்ஸ்போர்ட் செய்யும்போது பேடிங் (ஓர நிரப்பல்) அமைப்பில் டைலேஷனைத் தேர்ந்தெடுத்து, இறகின் நிறம் அதன் ஓரத்துக்கு வெளியேயும் பரவும்படி விட்ட பிறகுதான் அது போனது. இப்போது கோயில் வாசலில் காவடி நிற்கிறது; தள்ளி நின்று பார்த்தாலும் இறகின் நீலம் கலங்கவில்லை.