கொண்டைக்கு எது நிற்கும்: ஸ்லைடா, யூ பின்னா, ஸ்பின் பின்னா?

ரப்பர் பேண்ட், வலை, கொண்டைக்குள் வைக்கும் டோனட் வளையம் எதுவும் இல்லாமல் பின்னை மட்டும் குத்திக் கொண்டை போட்டால் சாயங்காலம் வரை நிற்குமா? நிற்கும். ஆனால் கையில் கிடைத்த பின்னை எல்லாம் குத்தினால் நிற்காது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் ஃபேன்சி ஸ்டோர்களில் கேட்டால் மூன்று வகை எடுத்துப் போடுவார்கள். ஒன்று ஸ்லைடு, அதாவது இரண்டு கால்களும் ஒட்டிக் கிடக்கும் சாதாரண கருப்பு ஹேர்பின். இரண்டாவது கால்கள் அகன்று நிற்கும் யூ பின், பழைய கொண்டை ஊசி. மூன்றாவது சுருள் கம்பியாக முறுக்கிய ஸ்பின் பின்.

குமரிப் பக்கத்துத் தலைக்கு இரண்டு சங்கடம் உண்டு. தேங்காய் எண்ணெய் ஏறாத நாள் கிடையாது, அதனால் பின் வழுக்கும். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மாறி மாறி நனைப்பதால் காற்றில் ஈரம் எப்போதும் இருக்கும், அதனால் முடி உப்பும். வறண்ட ஊர்க்காரர்கள் வீடியோவில் சொல்லும் கணக்கு இங்கே பாதிதான் செல்லும்.

பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஸ்லைடு. கொண்டைக்கு மூன்றிலும் மோசமானது அதுதான். அதன் பிடி முழுவதும் இரண்டு கால்களும் ஒன்றையொன்று அழுத்துவதில் இருக்கிறது. மெல்லிய முடிக்கற்றையை அது நன்றாகக் கவ்வும். விரல் தடிமன் சுருளை உள்ளே திணித்தால் கால்கள் விரிந்துவிடும், விரிந்த கால் ஸ்பிரிங் மாதிரி தன்னைத் தானே பின்னால் தள்ளிக்கொண்டு வெளியே வரும். அதில் எண்ணெயும் சேர்ந்தால் பஸ் ஏறுவதற்குள் பாதி பின் தோளில் கிடக்கும். வேறு வழியில்லை, ஸ்லைடுதான் இருக்கிறது என்றால் இரண்டிரண்டாகப் பெருக்கல் குறி போலக் குறுக்கே குத்த வேண்டும். ஒன்று நழுவ முயன்றால் மற்றது தடுக்கும். நெளிந்த கால் தலைத்தோல் பக்கம், நேரான கால் மேலே. பலர் இதைத் தலைகீழாகத்தான் வைக்கிறார்கள். பல்லால் கடித்து விரிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்: நுனியில் இருக்கும் சிறு உருண்டைப் பூச்சு போய்விட்டால் அந்தப் பின் தோலைக் கீறும். அடர்த்தியான முடிக்கு ஒரு டஜன் ஸ்லைடு போட்டாலும் நம்பிக்கை வராது. காதோரம், பிடரியில் பறக்கும் குட்டை முடியை அடக்கத்தான் அது லாயக்கு.

யூ பின் வேலை செய்யும் விதமே வேறு. அது எதையும் அழுத்திப் பிடிப்பதில்லை. கொண்டையின் ஓரத்து முடியையும் அடியில் தலையோடு ஒட்டிய முடியையும் ஒன்றாகத் தைத்துவிடுகிறது. கொண்டை இறுக்கமாக இருப்பதாலேயே பின் அசையாது. அதனால் எண்ணெய்த் தலையிலும் இது நிற்கும். வாங்கும்போது கால்கள் நடுவில் நெளிந்ததாக, கொண்டைக்கு இரண்டரை அங்குல நீளத்தில் பாருங்கள். வழவழப்பான நேர்க்கால் பின் எண்ணெயில் நழுவும். குட்டைப் பின் அடிமுடி வரை எட்டாது.

குத்துவதில்தான் சூட்சுமம். முதலில் முடியைப் பிடரியில் சேர்த்து, ஒரே திசையில் முறுக்கி, அது தானாக வளையத் தொடங்கியதும் அதே திசையில் சுற்றி, நுனியை அடியில் செருகுங்கள். வலப்பக்கமாக முறுக்கி இடப்பக்கமாகச் சுற்றினால் முறுக்கு அவிழ்ந்துகொண்டே போகும், எந்தப் பின்னும் காப்பாற்றாது. பிறகு யூ பின்னைக் கொண்டையின் ஓரத்தில் தலைக்குச் செங்குத்தாகப் பிடித்து, நுனி தோலைத் தொடும் வரை இறக்குங்கள். தொட்டதும் பின்னின் வளைந்த தலையை வெளிப்பக்கமாகச் சாய்த்தால் நுனிகள் கொண்டையின் நடுப்பக்கம் திரும்பும். அப்படியே தோலை ஒட்டி உள்ளே தள்ளுங்கள். லேசாக ஒரு எதிர்ப்பு தெரிந்தால் சரியான இடம். வெண்ணெயில் போவது போலப் போனால் அது வெறும் கொண்டை முடியை மட்டும்தான் பிடித்திருக்கிறது; உருவி மறுபடி குத்த வேண்டும். கடிகாரத்தில் பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது இருக்கும் இடங்களில் நான்கு பின். தோள் வரை உள்ள முடிக்கு இது போதும். இடுப்பைத் தொடும் கூந்தலுக்கு இடையிடையே இன்னும் இரண்டோ நான்கோ. முடித்ததும் தலையை இடவலமாக உலுக்கிப் பாருங்கள், எந்தப் பக்கம் ஆடுகிறதோ அங்கே மட்டும் கூடுதலாக ஒன்று. தலை வலித்தால் பின்னைக் குறை சொல்லாதீர்கள், முறுக்கு அதிகம். தினமும் அந்த இறுக்கத்தில் போட்டால் நெற்றியோரம் முடி கொட்ட ஆரம்பிக்கும்.

வேகத்தில் ஸ்பின் பின்னுக்கு ஈடில்லை. மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று, திருகாணி போலத் திருகினால் முடிந்தது. நடுத்தர அடர்த்தி, நீட்டு முடி என்றால் காலை அவசரத்துக்கு இதையே வாங்கலாம். சுருட்டை முடிக்கு வேண்டாம்; சுருளுக்குள் சுருள் சிக்கி, கழற்றும்போது முடி கொத்தாக வரும். மற்றவர்களும் திருகிய திசைக்கு எதிராகத் திருகித்தான் எடுக்க வேண்டும், இழுக்கவே கூடாது. மிக அடர்ந்த கூந்தலுக்கு இரண்டு பத்தாது, மூன்று நான்கு கேட்கும். அந்தக் காசுக்கு யூ பின் பாக்கெட் வாங்கிவிடலாம்.

கொண்டைக் குச்சியையும் சிலர் கேட்பார்கள். வீட்டுக்குள் அழகு. நெருக்கடிப் பேருந்தில் பின்னால் நிற்பவர் கண்ணுக்கு ஆபத்து.

பூ வைப்பதென்றால் யூ பின் தவிர வேறு பேச்சே இல்லை. தோவாளைச் சந்தையிலிருந்து வரும் பிச்சியும் மல்லியும் தண்ணீர் தெளித்தே வரும், சரம் கனக்கும். ஸ்லைடு போட்டால் மொட்டு நசுங்கிக் கருக்கும். யூ பின்னை இரண்டு பூவுக்கு நடுவே நாரைக் கவ்வும்படி விட்டுக் கொண்டையோரத்தில் செருகினால் பூவுக்குச் சேதம் இல்லை. முழத்துக்கு மூன்று பின் வையுங்கள். எல்லை தாண்டிக் கேரளத்தில் மோகினியாட்டம் கற்கும் பிள்ளைகள் இடப்பக்கம் சாய்த்துப் போடும் கொண்டைக்கு மட்டும் இந்தக் கணக்கு உதவாது. கனம் ஒரே பக்கம் இழுக்கும், அடியில் கட்டு போட்டே ஆக வேண்டும்.

செம்பருத்தித் தாளி, அதாவது அரைத்த செம்பருத்தி இலைக் குழம்பு, தேய்த்துக் குளித்த அன்றைக்கு முடி வழவழவென்று இருக்கும், எந்தப் பின்னும் தடுமாறும். மறுநாள் கொண்டைக்கு உகந்த நாள். ஈரத் தலையோடு கட்டவும் வேண்டாம்: காய்ந்ததும் கொண்டை தளர்ந்து பின்கள் தொங்கும், உள்ளே காயாத இடம் நாறும். ஆடி மாதம் ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்றில் ஜன்னலோர சீட்டில் போவதாக இருந்தால் கொண்டையை உச்சியில் தூக்காமல் பிடரியில் தாழ்த்திப் போடுங்கள். ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள் ஹெல்மெட்டுக்குள் எந்த உலோகப் பின்னும் வைக்கக் கூடாது. விழுந்தால் மண்டையில் இறங்குவது அதுதான். போய்ச் சேர்ந்த பிறகு குத்திக்கொள்ள இரண்டு நிமிடம் போதும்.

குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்தில் மலிவுப் பின் சீக்கிரம் துருப்பிடிக்கும். பூவின் ஈரமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். கழற்றியதும் துணியில் துடைத்து மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். பூச்சு உரிந்து செம்மை தெரிகிற பின்னைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அந்தச் சொரசொரப்பு முடியை அறுக்கும்.